ஆரக்கால் சீவும் கத்தி

தசரா வந்தால் மைசூரில் டாங்காக்களுக்குத் தனி மவுசு. பாரம்பரியக் கட்டடங்களைச் சுற்றிக்காட்ட அரசே குதிரை வண்டிச் சவாரிக்கு ஏற்பாடு செய்கிறது. விழா முடிந்ததும் வீதிகள் மறுபடி ஆட்டோக்களின் ராஜ்யம். வண்டிகள் குறையக் குறைய, மரச் சக்கரம் செய்யத் தெரிந்த கைகளும் குறைகின்றன.

சக்கரம் லேசுப்பட்ட சமாச்சாரம் அல்ல. நடுவில் குடம், சுற்றிலும் வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டா, குடத்தையும் வட்டையையும் இணைக்கும் ஆரக்கால்கள். அவற்றில் ஒன்று தடித்து ஒன்று மெலிந்தால் சுமை சமமாக இறங்காது. நம் ஆசாரிகள் வாச்சியால் செதுக்கி, இழைப்புளியால் இழைப்பார்கள். ஐரோப்பாவில் இந்த வேலையின் பெயரையே தாங்கி வந்த கருவி ஸ்போக்ஷேவ். பக்கத்துக்கொரு கைப்பிடி, நடுவே சிறு கத்தி.

மரத்தாலான பழைய ரகத்தில் பெரும்பாலும் திருகாணி கிடையாது. கத்தியின் இரு முனைகளும் கொம்புபோல் மேலே வளைந்து, கட்டையின் துளைகளில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். மேலே தெரியும் கொம்பு முனைகளை மாற்றி மாற்றி லேசாகத் தட்டினால் கத்தி வெளியே வரும், சீவல் தடிக்கும். ஒரே பக்கமாக ஓங்கி அடித்தால் கட்டை பிளந்துவிடும். உள்ளே தள்ள, கத்தியின் ஓரத்தில், கொம்பின் அடிப்பாகத்தில் மரத்துண்டு வைத்துத் தட்ட வேண்டும். அப்போது கூர்முனை மேல்நோக்கி இருக்கும் என்பதை மறந்தவர்களின் விரல்தான் அதிகம் அறுபடும். துளை தளர்ந்திருந்தால் காகிதத் துணுக்கைச் செருகலாம். கூர் பார்க்கப் பெருவிரல் வேண்டாம், கழிவுத் துண்டு போதும்.

அனுபவசாலிகள் கத்தியை வேண்டுமென்றே சற்றுச் சாய்த்து வைப்பதுண்டு. ஒரு ஓரம் தடிப்பாகச் சீவும், மறு ஓரம் மெல்லியதாக. ஒரே கருவியில் இரண்டு வேலை!

ஆரக்காலைப் பட்டறைப் பிடிப்பானில் இறுக்கிய பிறகே கை வைக்க வேண்டும். மடியில் வைத்துச் சீவுவது வம்பு. தடித்த இடத்திலிருந்து மெலிந்த முனையை நோக்கி, மர ரேகை போகும் வாக்கில் தள்ள வேண்டும். எதிர்த்துப் போனால் மரம் பிய்யும், கருவி துள்ளும். தன்பக்கம் இழுத்துச் சீவுபவர், அது வழுக்கினால் வயிற்றில் பாயாதபடி ஒதுங்கி நிற்பது நல்லது.

சாணை பிடிப்பதுதான் தலைவலி. கொம்புகள் கல்லில் இடிக்கும் என்பதால் குறுகலான கல்லே தோது. வேலை முடிந்ததும் கத்திமுனைக்கு ஒரு தோல் உறை. பட்டறையில் துழாவும் அடுத்த கை யாருடையதோ!