தகரக் கூரையின் இரைச்சலை அடக்குவது எப்படி?

தம்பலகாமத்து வயல்களுக்குத் தண்ணீர் தருவது கந்தளாய்க் குளம். அந்தக் குளத்தை நிரப்பவும் பெரும்போக வேளாண்மையைக் காக்கவும் வடகீழ்ப் பருவமழை வேண்டும். ஐப்பசி தொடங்கி மார்கழி தாண்டியும் பெய்யும் அந்த மழை, தகரக் கூரை வீட்டில் பெரும் இரைச்சலாகவும் இறங்குகிறது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்பதில்லை. கைக்குழந்தை திடுக்கிட்டு எழும்புகிறது. நோயாளிக்கு நித்திரை இல்லை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நீண்ட காலம் டிசம்பரில்தான் நடந்தது. இந்த இரைச்சலின் கீழ் படித்துத் தேறிய பிள்ளைகள் ஏராளம்.

கிடுகு வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஓட்டு வீட்டிலும் குறைவுதான். தகரம் மட்டும் ஏன் இப்படி அலறுகிறது?

ஒலி என்பது அதிர்வு. 5 மில்லிமீற்றர் விட்டமுள்ள பெரிய மழைத்துளி, செக்கனுக்கு ஏறக்குறைய 9 மீற்றர் வேகத்தில் விழுகிறது. அது மணிக்கு 30 கிலோமீற்றருக்கும் அதிகம். கூரைத் தகரத்தின் தடிப்போ அரை மில்லிமீற்றர் அளவுதான். 0.4 மில்லிமீற்றர் தகரம் என்றால் சதுர மீற்றருக்கு 3 கிலோ நிறை தேறும். ஓட்டுக் கூரை அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் பாரமானது. பாரமான பொருளை அசைப்பது கடினம். இலேசான தகடோ துளி பட்டவுடன், ஆணி அடித்த இரு சட்டங்களுக்கு இடையே விரிந்து கிடக்கும் பரப்போடு சேர்ந்து அதிர்கிறது. அதன் கீழ்ப்புறம் வீட்டுக்குள் இருக்கும் காற்றைத் தள்ளித் தள்ளி ஒலியாக்குகிறது. கிடுகில் விழும் துளி ஓலையில் சிதறிவிடும். ஓலை வளைந்து கொடுக்கும். ஓலைகள் ஒன்றோடொன்று உராய்வதில் மோதலின் சக்தி தீர்ந்துபோகும்.

பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டிவிட்டு விரலால் தொட்டால் ஓசை உடனே அடங்கும். கூரைக்கும் அப்படி ஒரு விரல் வேண்டும். அதிர்வைப் பிறந்த இடத்திலேயே அடக்குவதுதான் முதல் வேலை.

முதலில் கூரையில் ஏறித் தளர்ந்த ஆணிகளைப் பாருங்கள். தகரம் சட்டத்தோடு இறுகாமல் ஆடினால் மழைக்கும் காற்றுக்கும் கடகடக்கும். றப்பர் வளையம் வைத்து இறுக்கினால் அந்தக் கடகடப்பு நிற்கும், ஒழுக்கும் நிற்கும். அடுத்து, வெயிலுக்காகத் தகரத்தின் மேல் கிடுகு பரப்பும் பழக்கம் மழைக்கும் உதவும். துளி தகரத்தைத் தொடுமுன் உடைந்துவிடும். ஆனால் ஈர ஓலை நாட்கணக்கில் கிடந்தால் தகரம் துருப்பிடிக்கும் என்பதால், மாரி முடிந்ததும் களைய வேண்டும். அடுப்புப் பொறி பறக்கும் குசினிக் கூரையில் ஓலை வேண்டாம்.

செலவு செய்ய முடிந்தவர்கள் தகரத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டிப் படியும் தார் விரிப்பையோ தடித்த ஃபோம் விரிப்பையோ பொருத்தலாம். அதற்கும் கீழே இடைவெளி விட்டுச் சீலிங் அடித்து, இடையில் தும்பை நிரப்பினால் எஞ்சிய ஒலியையும் அது உறிஞ்சிக்கொள்ளும். சீலிங் பலகை பாரமாக இருப்பது நல்லது. நிறை இரட்டித்தால், ஊடுருவும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும் என்பது பொது விதி. ஒன்றை மறக்க வேண்டாம்: பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றை வெட்டவோ துளைக்கவோ கூடாது. அதன் தூசி புற்றுநோய் தரும்.

வெளியிலிருந்து வரும் சத்தத்துக்கு வழி வேறு. அங்கே எதிரி இடுக்கு. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, அந்தச் சுவர் எவ்வளவு தடிப்பானாலும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்காது. கதவடி இடைவெளியை றப்பர் பட்டியால் அடைப்பது, புதிய திரைச்சீலை வாங்குவதைவிடப் பயன் தரும். திரைச்சீலை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். வெளிச் சத்தத்தைப் பெரிதாக மறிக்காது. தண்ணீர் மோட்டாரைச் சுவரோடு பூட்டாமல், பழைய ரயர்த் துண்டின் மேல் நிறுத்துங்கள். ஜெனரேற்றரைத் தள்ளி வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும்.

மனிதர் எழுப்பும் சத்தத்துக்குச் சட்டமும் உண்டு. 1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் எல்லை. சாதாரணப் பேச்சே ஏறக்குறைய 60 டெசிபெல். படுக்கையறையில் 30 டெசிபெலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என 1999இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நித்திரை கெட்டால் உடலும் படிப்பும் சேர்ந்து கெடும்.

மழையைச் சட்டத்தால் நிறுத்த முடியாது, கூரையைத் திருத்த முடியும். புரட்டாசிக்குள் ஆணியை இறுக்குங்கள், இடுக்கை அடையுங்கள். வீடு முழுவதும் சீலிங் அடிக்கப் பணம் போதாவிட்டால், பிள்ளை படிக்கும் அறையிலிருந்து தொடங்குங்கள்.