ஹவுஸ்ஹோல்டர் கருத்தரங்கு

ஹவுஸ்ஹோல்டர் கருத்தரங்கு என்பது நேரியல் இயற்கணிதம், அணிக் கணிப்பு ஆகியவற்றில் ஆய்வு செய்வோர் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டுக் கருத்தரங்கு ஆகும். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த கணிதவியலாளர் ஆல்ஸ்டன் ஹவுஸ்ஹோல்டர் இதை 1961 இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள காட்லின்பர்க் நகரில் தொடங்கினார்.

கணினி எண்களைக் குறிப்பிட்ட இலக்கங்களுக்குச் சுருக்கியே சேமிக்கிறது. பெரிய அணிகளில் இச்சிறு பிழைகள் பெருகினால், கோட்பாட்டளவில் சரியான முறையும் தவறான விடையைத் தரும். பிழை பெருகாத வழிமுறைகளே இக்கருத்தரங்கின் முதன்மைப் பொருள்களுள் ஒன்று. ஹவுஸ்ஹோல்டர் 1958 இல் வெளியிட்ட எதிரொளிப்பு முறை அத்தகையது. அது திசையன்களின் நீளத்தை மாற்றுவதில்லை.

1969 இல் அவர் ஓய்வு பெற்றபின் கருத்தரங்கு வெவ்வேறு இடங்களில் நடைபெறலாயிற்று. பின்னர் அவர் பெயரும் சூட்டப்பட்டது. துறையின் சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு ஹவுஸ்ஹோல்டர் பரிசு வழங்கப்படுகிறது.