நேராகக் கேளுங்கள்

"சாகிறவன் சொல்லிக்கிட்டா சாவான்?" என்று நம் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. உயிர்களைக் காவு வாங்கும் பேச்சு அது. உயிரை மாய்த்துக்கொள்பவர்களில் பலர் முன்பே யாரிடமாவது சொல்லியிருக்கிறார்கள். "நான் இல்லேன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி", "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது", "இருந்து என்ன ஆகப்போகுது" என்று சுற்றி வளைத்துச் சொல்லியிருப்பார்கள். நாம்தான் 'புலம்புறான்', 'மிரட்டுறா' என்று காதில் வாங்காமல் விட்டிருப்போம். 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 பேரைத் தற்கொலையில் இழந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது.

பேசாதவர்களின் நடத்தை பேசும். தூக்கம் கெடும், குடி கூடும், பிடித்தவர்களிடமிருந்தே ஒதுங்குவார்கள். ஆசையாக வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுப்பார்கள். வாரக்கணக்கில் சுருண்டு கிடந்தவர் திடீரென்று அமைதியாகிவிட்டால் 'தெளிஞ்சிட்டான்' என்று விட்டுவிடாதீர்கள். ஒரு முடிவுக்கு வந்துவிட்ட அமைதியாகவும் அது இருக்கலாம்.

சந்தேகம் வந்தால், தனியாக உட்காரவைத்து நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?" கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது, ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. "தப்பா எதுவும் பண்ணிக்க மாட்டியே?" என்று மட்டும் கேட்காதீர்கள். 'மாட்டேன்' என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுக்கிற கேள்வி அது. அவர் பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். "உனக்கென்ன குறைச்சல்", "அம்மாவை நினைச்சுப் பாரு" என்பதெல்லாம் ஏற்கெனவே கூனிப்போன மனதில் இன்னொரு மூட்டையை ஏற்றுவதுதான். "யார்கிட்டயும் சொல்லாதே" என்றால், அந்தச் சத்தியத்தை மட்டும் செய்துகொடுக்காதீர்கள்.

ஆமாம் என்று சொன்னவரைத் தனியே விடக் கூடாது. ஆபத்தான பொருள்கள் வீட்டில் அவர் கைக்கு எட்டக் கூடாது. அந்த உந்துதல் பலருக்குச் சில மணி நேரத்தில், சிலருக்குச் சில நிமிடங்களிலேயே தணிந்துவிடுகிறது. அந்த இடைவெளியைக் கடத்திவிட்டாலே பெரிய காரியம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிவைக்கும் பெட்டக ஏற்பாட்டை ஆய்வாளர்கள் செய்துபார்த்தது இந்தக் காரணத்தால்தான்.

முயற்சி நடந்துவிட்டால், 'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்ற பயத்தில் சில குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போகவே தயங்கி, காப்பாற்றக்கூடிய நேரத்தை இழக்கின்றன. தயங்காமல் 108-ஐ அழையுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. முயன்றவரைத் தண்டித்த, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பலாம். அது நடைமுறைதான், அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பேச ஆள் வேண்டுமென்றால் 14416. 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை, கட்டணம் கிடையாது. 104-இலும் ஆலோசனை உண்டு. உங்கள் மகளுக்காகவோ நண்பருக்காகவோ நீங்களும் அழைக்கலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரிடம் பலரும் பேசக் கூசி ஒதுங்கிவிடுகிறார்கள். அவரைச் சுற்றி ஆள் வேண்டிய வாரங்கள் அவை. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. உயிரை மாய்க்க முயன்று சிகிச்சைக்கு வந்தவர்களிடம் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 22 பேர் என்ற கணக்கில் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 2 பேர். முதல் விசாரிப்பு முதல் வாரத்திலேயே. உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இப்படி வீடு திரும்பியிருந்தால் இன்றைக்கே கூப்பிடுங்கள். "சாப்பிட்டியா? ராத்திரி தூங்கினியா?" என்று கேளுங்கள். அடுத்த வாரமும் கேளுங்கள்.