குண்டு படாமலே காயம்பட்ட வீரர்கள்

போரில் காயம்பட்டவர் என்றதும் கை இழந்தவரும் கால் இழந்தவரும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு திரும்பி, அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் நோயோடு போராடுபவர்களும் உண்டு. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போருக்குச் சென்று வந்த அமெரிக்க வீரர்கள் பலரின் நிலை இதுதான்.

1990 ஆகஸ்டு 2ஆம் தேதி ஈராக், குவைத்தைக் கைப்பற்றியது. அதை மீட்கும் போரில் ஏறத்தாழ 7 லட்சம் அமெரிக்க வீரர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். தரைப்போர் 100 மணி நேரத்தில் முடிந்தது. வெற்றி ஊர்வலங்கள் ஓய்ந்த பிறகுதான் வேறொரு பிரச்சினை தலைதூக்கியது.

ஓயாத களைப்பு, தலைவலி, மூட்டு வலி, தசை வலி, ஞாபக மறதி, தூக்கமின்மை, வயிற்றுக் கோளாறு, தோல் தடிப்பு என வீரர்கள் மருத்துவர்களைத் தேடிச் சென்றனர். வழக்கமான பரிசோதனைகளில் எந்தக் குறையும் தென்படவில்லை. "எல்லாம் மன அழுத்தம்தான்" என்ற கருத்தே பல ஆண்டுகள் ஓங்கியிருந்தது. நோய் ஒரு பக்கம் வாட்ட, தங்களை யாரும் நம்பவில்லையே என்ற வேதனை மறுபக்கம் வாட்டியது.

காரணம் என்ன?

எரிந்த எண்ணெய்க் கிணறுகளின் புகை, தடுப்பூசிகள், யுரேனியம் கலந்த குண்டுகள் எனப் பலவற்றின் மீதும் சந்தேகம் எழுந்தது. ஆய்வாளர்கள் அதிகம் சுட்டிக்காட்டுவது மூன்றை. நச்சுவாயுத் தாக்குதலிலிருந்து பாதுகாக்க வீரர்களுக்குத் தரப்பட்ட பிரிடோஸ்டிக்மின் மாத்திரை, பாலைவனப் பூச்சிகளை ஒழிக்கத் தெளித்த பூச்சிக்கொல்லி, சாரின் என்ற நச்சுவாயு ஆகியவையே அவை.

இம்மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. நரம்பு தசைக்குச் செய்தி அனுப்ப ஒரு ரசாயனம் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அதை அகற்ற ஒரு நொதி இருக்கிறது. சாரின் அந்த நொதியை முடக்கிவிடும். பூச்சிக்கொல்லிகளில் பலவும் அதையே செய்கின்றன. காக்க வந்த மாத்திரையும் அதே நொதியின் ஒரு பகுதியைத் தற்காலிகமாகத் தடுத்தே வேலை செய்கிறது.

நச்சுவாயு எங்கிருந்து வந்தது? 1991 மார்ச் மாதம் ஈராக்கின் கமிசியா என்ற இடத்திலிருந்த ஆயுதக் கிடங்கை அமெரிக்க வீரர்களே வெடிவைத்துத் தகர்த்தனர். அங்கே சாரின் நிரப்பிய ராக்கெட்டுகளும் இருந்தன. இதை அமெரிக்கத் தற்காப்பு அமைச்சு 1996இல்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. காற்றில் பரவிய நச்சு சிறிய அளவில் பாதித்திருக்கலாம் என்று சுமார் ஒரு லட்சம் வீரர்களுக்குப் பின்னர் அறிவிக்கப்பட்டது.

தாமதமாக வந்த நியாயம்

போருக்குச் சென்றவர்களில் குறைந்தது நான்கில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது, மன அழுத்தம் இதற்குக் காரணமல்ல என்று அமெரிக்க அரசு அமைத்த ஆலோசனைக் குழு 2008இல் அறிவித்தது. ஒரே இடத்தில் இருந்த இருவரில் ஒருவர் மட்டும் ஏன் நோயுற்றார் என்ற கேள்விக்கு, 2022இல் டாக்டர் ராபர்ட் ஹேலி குழுவினர் ஒரு விடை தந்தனர். சாரினைச் சிதைக்கும் ஆற்றல் ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்த ஆற்றல் மரபணுவிலேயே குறைந்தவர்கள், நச்சுவாயு எச்சரிக்கை மணி கேட்ட இடங்களில் இருந்திருந்தால், அவர்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தனர். வீரர்களின் நினைவை நம்பிய ஆய்வு என்பதால், இதுவே முடிந்த முடிவு என்று சொல்வதற்கில்லை.

2025 அக்டோபரில்தான் அமெரிக்க மருத்துவப் பதிவேட்டில் இந்நோய்க்குத் தனிக் குறியீடு கிடைத்தது. போர் முடிந்து 34 ஆண்டுகளுக்குப் பிறகு! முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அறிகுறிகளைத் தணிக்கவே சிகிச்சை தரப்படுகிறது.

பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், அந்தப் பரிசோதனைக்கு நோய் பிடிபடவில்லை என்பதுதான் பொருள். நோயே இல்லை என்பதல்ல. வலிக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது முதலில் அவரை நம்ப வேண்டும். மருந்து அதற்குப் பிறகுதான்.