தேன்கனிக்கோட்டை வட்டார வீட்டு நினைவுகளில் திருகை: ஏக்கமும் உழைப்பும்

முன்னுரை

கடந்தகால வீட்டு வாழ்வை நினைவுகூர்வோர் பெரும்பாலும் சுவையிலிருந்தே தொடங்குவர். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் அச்சுவை கேழ்வரகுக் களியினுடையது. களி நினைவில் நிற்கும் அளவுக்கு, அதற்கு மாவு தந்த திருகையும் அதைச் சுழற்றிய கைகளும் நிற்பதில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தையும், வீட்டு நினைவுகளை ஆய்வுச் சான்றாகக் கொள்ளும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

களமும் தானியமும்

கர்நாடக எல்லையை ஒட்டிய இவ்வட்டாரம் 1965 வரை சேலம் மாவட்டத்திலும், பின்னர் தருமபுரி மாவட்டத்திலும் இருந்தது; 2004இல் உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சேர்ந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவை இங்கு வழங்குகின்றன. மானாவாரி நிலத்தில் கேழ்வரகு முதன்மையான உணவுப் பயிராகும். பூச்சி எளிதில் தாக்காத இத்தானியம் ஆண்டுக்கணக்கில் கெடாதிருக்கும். எனவே மழை பொய்த்த காலத்திற்கும் அது காப்பாக அமைந்தது. மாவின் தன்மை வேறு. நாள்பட்டால் அதன் சுவை கெடும். ஆகவே தானியம் அறுவடைக்கு ஒருமுறை வீட்டிற்கு வந்தாலும் அரைக்கும் வேலை ஓயாது தொடர்ந்தது.

கருவியும் சொல்லும்

சாமை, தினை போன்றவற்றை உரலில் குத்தி உமி நீக்க வேண்டும். கேழ்வரகையோ முழுத் தானியமாகவே மாவாக்கலாம். அதற்குரிய கருவி திருகை. அதன் கீழ்க்கல் அசையாது. நடுமுளையில் பொருந்திய மேற்கல் மரப்பிடியால் சுழலும். மேற்கல்லின் குழியில் ஒரு கை தானியம் இட, மறு கை கல்லைச் சுற்றும். தேய்ந்து வழுவழுப்பான கல்லை மீண்டும் கொத்திச் சொரசொரப்பாக்குவர்.

இக்கருவிகளின் பெயர்கள் மொழி எல்லையைக் கடந்து உறவு காட்டுகின்றன. தமிழில் உரல், உலக்கை. கன்னடத்தில் ஒரளு, ஒனகெ. தெலுங்கில் ரோலு, ரோகலி. முறத்தால் செய்யும் வேலைகளுக்கு மட்டுமே தமிழில் புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என வெவ்வேறு வினைச்சொற்கள் உள்ளன. கருவியின் பெயர் காட்சிக்கூடத்திலேனும் எஞ்சும். செயலைச் சுட்டும் வினைச்சொல், செயல் நின்றவுடன் மறையத் தொடங்கும்.

ஏக்கத்தின் தெரிவு

1970களில் ஓசூரில் சிப்காட் தொழில் வளாகம் உருவானது; தொழிற்கூலி வீட்டுப் பொருளாதாரத்தில் நுழைந்தது. மாவரைக்கும் ஆலைகள் திருகையின் வேலையை ஏற்றன. 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா அரிசியையும், மிக்சி, கிரைண்டர் ஆகியவற்றையும் வழங்கத் தொடங்கியது. இம்மாற்றங்களை இழப்பாக மட்டும் காண்பது, அரைத்தவரை விடுத்து உண்டவரின் நிலையிலிருந்து காண்பதாகும்.

ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் வெளியிட்ட நூலில் ஏக்கத்தை இரு வகையாகப் பிரிக்கிறார். ஒன்று இழந்ததை அப்படியே மீட்க விழைவது. மற்றொன்று இழப்பையும் காலத்தையும் எண்ணிப் பார்ப்பது. களியின் சுவையை மட்டும் போற்றும் நினைவு முதல்வகையைச் சார்ந்தது. விடியலுக்கு முன் கல் சுழற்றிய பெண்ணின் தோள்வலியையும் அதனோடு சேர்த்து எண்ணுவது இரண்டாம் வகை.

முடிவுரை

2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. அவ்வாண்டிலேயே தருமபுரி, நீலகிரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. தானியம் பெருமை பெறும் இக்காலத்தில் உழைப்பின் வரலாறு விடுபடலாகாது. எனவே வாய்மொழித் தரவு திரட்டுவோர் ‘என்ன உண்டனர்?’ என்பதோடு நில்லாமல், யார் அரைத்தார், எந்நேரத்தில் அரைத்தார், எவ்வளவு அரைத்தார், இறுதியில் உண்டவர் யார் எனவும் வினவ வேண்டும். திருகை சுழற்றிய தலைமுறை முதுமையடைந்துவிட்டது; அவர்தம் வினைச்சொற்களைப் பதிவுசெய்யும் காலம் சுருங்கி வருகிறது.