அச்சு நிறத்தை அளத்தல்

பெங்களூரில் தாம் 1948-இல் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில், 1960களில், டாக்டர் சி. வி. ராமன் மலர்களின் நிறங்களை நிறமாலைகாட்டி கொண்டு ஆராய்ந்தார். மஞ்சளாகத் தோன்றும் இதழிலிருந்து பச்சையும் சிவப்பும் மிகுதியாக வருகின்றன. ஒளியின் அக்கலவையைக் கண் பிரித்தறிவதில்லை. இதனால் பகலில் ஒத்திருக்கும் இரு நிறங்கள் விளக்கொளியில் வேறுபடவும் கூடும். சேலையைக் கடைவாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்போர் இதை நன்கறிவர்.

நெற்பயிரின் தழைச்சத்துத் தேவையை அறிய உதவும் இலை வண்ண அட்டையைத் தாளில் அச்சிட முற்படுவோருக்கு இது பெருங்கவலை. பச்சை சற்றுப் பிறழ்ந்தால் யூரியா வீணாகும், அல்லது பயிர் பட்டினி கிடக்கும். அலுவலக அச்சுப்பொறியில் எடுத்த பிரதியை நம்பி வயலில் இறங்குதல் தகாது.

முறையாகச் செய்வோர் முதலில் பொறியை ஒரு நிலைக்குக் கொணர்வர். பின்னர், அறிந்த மையளவுகளில் நிறக் கட்டங்களை அச்சிடுவர். நான்கு மை அச்சுக்குரிய தரப்படிவம் ஒன்றில் 1,617 கட்டங்கள் உள. மை உலர்ந்தபின் ஒவ்வொன்றின்மீதும் 45 பாகைச் சாய்வில் ஒளி வீழ்த்தி, நேர்மேலே திரும்பும் ஒளியை நிறமாலை ஒளிமானி அலைநீள வாரியாக அளக்கிறது. இட்ட மைக்கும் பெற்ற நிறத்துக்கும் உள்ள தொடர்பின் அட்டவணையே அப்பொறியின் நிறக்குறிப்பு.

தாள் மாறினால் இக்குறிப்பு பயன்படாது. வெண்மையூட்டிய தாள் புறஊதாக் கதிரை நீல ஒளியாக மாற்றுவதால், அளக்கும் விளக்கின் தன்மையையும் உடன் எழுதி வைத்தல் வேண்டும்.