உங்களுக்குத் தெரியுமா? செடிகளின் கால்சியக் காவல்

நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ரோந்து வருகின்றன. செடிக்குள் அப்படி யாரும் இல்லை. ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். கிருமியை உணர்ந்ததும் செல் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, வெளியே இருக்கும் கால்சியத்தை உள்ளே விடுவது. செல்சாற்றில் கால்சியம் மிகக் குறைவு. வெளியே அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. அதனால் வாசல் சற்றே திறந்தாலும் அபாயச் செய்தி தெளிவாகப் போய்ச் சேரும்.

பாக்டீரியாவைக் காட்டிக்கொடுப்பது அது நீந்துவதற்கு வைத்திருக்கும் வால்தான்! அந்த வால் புரதத்தில் 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு போதும், இலைச் செல் கண்டுபிடித்துவிடும். சில நிமிடங்களில் உள்ளே கால்சியம் எகிறும். இலைத்துளைகளும் மூடிக்கொள்ளும். பாக்டீரியா நுழையும் முக்கிய வழியே அவைதாம்.

அதையும் மீறி நுழையும் கிருமிகளுக்கென்று செல்லுக்குள் வேறு காவல் உண்டு. கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியில் அப்படி ஒன்றின் பெயர் ஸார்1. ஆபத்து வந்ததும் ஐந்து ஸார்1 புரதங்கள் வளையமாகக் கூடுகின்றன. சீன விஞ்ஞானிகள் 2019இல் அந்த வளையத்தின் வடிவத்தைக் கண்டபோது நடுவே புனல்போல ஒரு நீட்சி இருந்தது. எதற்கு? 2021இல் விடை கிடைத்தது. வளையம் செல்சவ்வில் பதிந்து, தானே ஒரு துளையாகிக் கால்சியத்தை உள்ளே விடுகிறது! அதன் விளைவாகக் கிருமி புகுந்த செல் செத்துப்போகிறது, நோய் பரவாமல் தடைபடுகிறது. செல் இப்படித் தன்னையே பலியிடுவதை நூறாண்டுகளுக்கு முன்பே கவனித்திருந்தார்கள். அதற்குப் பின்னால் இருந்த துளை தெரிய இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

உகாண்டாவில் தலைகாட்டிய யுஜி99 என்ற கொடிய தண்டுத் துருநோயை எதிர்க்கும் கோதுமைப் புரதமான எஸ்ஆர்35உம் ஐந்தைந்தாகச் சேர்ந்தே கால்சியத் துளையாகிறது. இது 2022இல் வெளிவந்த செய்தி.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் கால்சியத்தைப் பார்க்க உதவியது ஜெல்லிமீன். அதிலுள்ள ஏக்வோரின் என்ற புரதம் கால்சியம் பட்டால் ஒளிரும். 1991இல் அதன் மரபணுவைப் புகையிலைச் செடியில் சேர்த்து, அந்த ஒளியை அளந்தார்கள்.

காவல் எந்நேரமும் விழித்திருந்தாலும் செடிக்குக் கேடுதான். நெல்லில் ஆர்ஓடி1 என்ற புரதம் கால்சியத்தை உணர்ந்து, நோய் எதிர்ப்பை அளவோடு அடக்கி வைக்கிறது. அது பழுதானால் நெல் நோயைத் தாங்கும். ஆனால் வளர்ச்சி குன்றிவிடும். குலைநோய்ப் பூஞ்சையோ ஆர்ஓடி1இன் வடிவத்தையொத்த ஒரு புரதத்தைத் தானே தயாரித்து நெல்லுக்குள் செலுத்தி, அதன் எதிர்ப்பை அடக்கிவிடுகிறது.